நாவல் எழுதுகிற அம்மணியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் கல்லூரிக் கூட்டங்களிலும் கடிதங்களிலும், சில நேரம் பால் சொசைட்டி வாசலிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நின்றபடி சொல்கிற பதில் எப்போதும் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

எங்கே இருக்கிறீர்கள்? முழு நேரமும் எழுத்துதானா?

அறச்சலூர்ப் பக்கம் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கிறோம். கீழ்பவானி வாய்க்கால் பாசனம், கூடவே ஒரு கிணறு. மஞ்சள், கொஞ்சம் நெல், எருமை, மாடு. எழுத்து மட்டுமே என்று நான் இருந்ததில்லை, இருக்க ஆசைப்பட்டதும் இல்லை.

பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பி 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால் அது. 2,07,000 ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. ஒரு போகம் நெல்லுக்கு, அடுத்த போகம் புஞ்சைப் பயிருக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். ஆகஸ்டில் தண்ணீர் வந்துவிட்டால் என் நாவல் மெல்லத்தான் நகரும். தை, மாசியில் மஞ்சள் வெட்டு. வெட்டி, வேக வைத்து, களத்தில் காயப்போட்டு, மூட்டை கட்டி ஈரோட்டுக்கு ஏற்றிவிடும்வரை பேனாவைத் தொட மாட்டேன். பங்குனி பிறந்தால் தோட்டத்தில் வேலை குறையும். என் நாவல்களின் பெரும்பகுதி கோடையில் எழுதியதுதான். அவற்றில் ஏன் இவ்வளவு வெயில் அடிக்கிறது என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

கோழி கூப்பிடும்போது எழுந்து பால் கறக்க வேண்டும். சொசைட்டிக்குப் பால் ஊற்றி, சோறாக்கி, ஆட்களுக்கு வேலை சொல்லிவிட்டு ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், உட்கார்ந்தால் பத்து மணி. பன்னிரண்டரை வரை எழுதுவேன். சாயங்காலம் எழுதுவதில்லை, அது ஆட்களைப் பார்க்கிற நேரம்.

எழுதும்போது யாராவது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். எழுந்து போய் "வாங்க" என்று சொல்வேன். ஆசாரத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை, அது வேண்டியதும் இல்லை. வந்தவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் சீர் வரிசையில் நடந்த மனத்தாங்கலைச் சொல்லிவிட்டுப் போவார். நான் அன்று தேடிக்கொண்டிருந்தது பல நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

கையால் எழுதுகிறீர்களா, கணினியிலா?

முதல் படி கையால். மறுபடி எழுதுவது தமிழ்99 விசைப்பலகையில். குரல் தட்டச்சு எனக்கு ஒத்துவரவில்லை. "ஊட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் போன் என்னை ஊட்டிக்கு அனுப்பிவிடுகிறது.

வட்டார வழக்கு புரியவில்லை. பின்னால் அருஞ்சொல் பட்டியல் சேர்க்கக் கூடாதா?

சேர்க்க மாட்டேன். "ஒறம்பரை வந்திருக்கறாங்க, பொடக்காளில போயி நாலு தக்காளி பொறிச்சுட்டு வா" என்று ஒரு மாமியார் சொன்னால், வந்திருப்பது விருந்தாளி என்பதும் தக்காளி வீட்டின் பின்பக்கம் இருக்கிறது என்பதும் தஞ்சாவூர் வாசகருக்கும் தெரிந்துவிடும். கரிசல் கதைகளையும் நாஞ்சில் கதைகளையும் நான் அப்படித்தான் படித்தேன். அகராதியாகவே வேண்டும் என்பவர்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது. நானே அடிக்கடி எடுத்துப் பார்க்கிற புத்தகம்.

கொங்குக் குசும்பு என்றால் சினிமாவில் வருவதுதானா?

உடுமலைப் பக்கத்துக் கவுண்டமணி, சூலூர் மணிவண்ணன், கோவை சத்யராஜ் என்று எங்கள் பேச்சைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் சினிமாவுக்கு வேகம் வேண்டும், சத்தம் வேண்டும். ஊரில் நடக்கிற குசும்புக்குச் சத்தமே கிடையாது. சொன்னவர் சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் சிரிப்பார், இல்லையென்றால் கோபப்படுவார்.

கண்ணபுரம் சந்தையில் பார்த்ததைச் சொல்கிறேன். சித்திரையில் மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடுகிற சந்தை, காங்கயம் மாடுகளுக்குப் பேர்போனது. அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போடுவார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். ஒரு பெரியவர் காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். "நாலு பல்லுங்க, நல்லாப் பாத்துக்குங்க" என்றார் தரகர். கை துண்டுக்குள் போனது. பெரியவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு கையை மெல்ல வெளியே எடுத்தார், துண்டை மடித்தார், தரகர் தோளிலேயே திரும்பப் போட்டார். "பல்லு நாலுதானுங்க, எண்ணிப் பாத்துட்டனுங்க. வெலையத்தான் எண்ண முடியலீங்க. எம்பட கையில அத்தன வெரலு இல்லீங்க."

தரகர் சிரித்தார், மாட்டுக்காரரும் சிரித்தார். பேரம் முறியவில்லை. துண்டு மறுபடி கைகளின் மேல் விழுந்தது. காளையைக் குறை சொல்லவில்லை, ஆளைக் குறை சொல்லவில்லை. விலை கூடுதல் என்பதை மட்டும் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. துண்டுக்குள் மறைத்துப் பேசுவதற்குத்தான் அந்த ஏற்பாடே என்பதை நினைத்துப் பாருங்கள். பெரியவர் ரகசியத்தையும் உடைக்கவில்லை, விலை என்னவென்றும் சொல்லவில்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்கிற ஒரு வாக்கியம் எழுத எனக்கு ஒரு அத்தியாயம் ஆகும்.

என் மாமியாரும் இந்த வகைதான். கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரரிடம், "இருங்க, ராத்திரிக்கு ஒலை வெச்சர்றேன். நீங்க மெல்லமாக் கெளம்பிட்டே இருங்க" என்றார். சொன்னபடி உலையும் வைத்தார், அவருக்குச் சோறும் போட்டார். சோறு போடாமல் சொல்லியிருந்தால் அது வெறும் குத்தல். சோற்றோடு சேர்த்துச் சொன்னதால்தான் அந்தச் சொந்தக்காரரே ஊர் ஊராகப் போய் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எழவு வீட்டிலும் குசும்பு உண்டு. ஊரெல்லாம் கடன் வாங்கியிருந்த ஒருவர் செத்துப்போன வீட்டில், பந்தலில் என் பக்கத்தில் இருந்த ஆத்தா காதோடு சொன்னார்: "மத்த எழவுல மொகத்துக்குத்தான் அழுகறாங்க சாமி. இங்கதான் நெசமா அழுகறாங்க." அதைச் சொன்னவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கும் வரவேண்டியது இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

எதைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள்?

திருப்பிச் சொல்ல முடியாத இடத்தில் நிற்பவரைப் பார்த்து.

கொங்குப் பேச்சு மரியாதையான பேச்சு என்று பேர். கைக்குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்போம் என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நான் வளர்ந்த ஊரில் அந்த மரியாதை எங்கள் தெருவோடு நின்றது. பண்ணைய வேலைக்கு வந்த மாதாரி, அதாவது அருந்ததியர், பெரியவர் ஒருவரை, தலை முழுக்க நரைத்தவரை, பள்ளிக்கூடம் போகிற பொடியன் "வாடா, போடா" என்றான். அவர் அவனைச் "சாமி" என்றார். குடிக்க அவர் கையை ஏந்தினால் தூக்கி ஊற்றினார்கள். டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை. அவரைப் பற்றிய கேலிக் கதைகளை ஆசாரத்தில் உட்கார்ந்து சொல்லி எல்லோரும் ரசித்தார்கள். அவர் வாசலில் நிற்கும்போதே சொன்னார்கள். அவரும் சிரித்தாக வேண்டியிருந்தது.

நாவலில் ஒரு ஆள் வாயைத் திறப்பதற்கு முன் நான் முடிவு செய்வது இதைத்தான்: இவர் யாரை "வாங்க" என்பார், யாரை "வா" என்பார், அவரை யார் எப்படிக் கூப்பிடுவார்கள். பழைய பேச்சைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதக் கூடாதா என்று ஒரு வாசகர் அன்போடு கேட்டார். கூடாது. நடந்ததை அச்சில் அழகாக்கினால் அந்தப் பெரியவர் பட்டது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். வாடா போடா என்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

அந்தப் பெரியவரின் சனங்கள் தங்களுக்குள் எங்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்த கதைகளும் உண்டு. அவற்றைக் கேட்கிற உரிமை எனக்கு ரொம்பப் பின்னால்தான் கிடைத்தது, அதுவும் அவர்கள் பிள்ளைகள் படித்து வெளியூர் வேலைக்குப் போன பிறகு. "பண்ணாடி ஊட்டு மோருல மொகம் பாத்துத் தலை சீவலாம்" என்றார் ஒரு அம்மா. பண்ணாடி என்றால் நிலத்துக்காரர். அந்த மோரை ஊற்றிய வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் பக்கத்தின் மிகக் கூர்மையான நகைச்சுவை அவர்கள் குடியிருந்த வளவுகளில்தான் இருந்தது என்று நம்புகிறேன். ஆசாரத்துக் கதைகளை மட்டும் எழுதிக் கொங்கு நகைச்சுவை என்று பேர் வைக்க எனக்கு மனம் வராது.

உங்கள் பாத்திரங்கள் நிஜமான ஆட்களா?

பேச்சு நிஜம், ஆள் கற்பனை. ஒருவர் வாயில் கேட்டதை இன்னொருவர் வாயில் வைத்துவிடுவேன். ஒரு குடும்பத்தின் வலியை அப்படியே எடுக்க வேண்டி வந்தால் போய்க் கேட்பேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

கொங்கு நாட்டில் நாவல் எழுதப் பயமாக இல்லையா?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். திருச்செங்கோட்டில் பிறந்த பெருமாள்முருகன், தன் நாவலுக்கு வந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2015 ஜனவரியில் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டு வரட்டும், எழுதட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இடையில் போன ஒன்றரை வருடத்தில், என்னைப் பார்த்தால் சிரித்த முகத்தோடு நின்று பேசியவர்கள்கூட "நம்மளப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களே?" என்று கேட்டார்கள்.

பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்கலாம், தப்பு என்று கூட்டம் போட்டுப் பேசலாம், எதிர்த்து இன்னொரு புத்தகம் எழுதலாம். எழுதியவர் ஊரைவிட்டுப் போகிற நிலைமையை உண்டாக்கக் கூடாது. நான் ஊர்ப் பெயரையும் கூட்டத்தின், அதாவது குலத்தின், பெயரையும் மாற்றி எழுதுகிறேன். அது உயிரோடு இருக்கிறவர்களின் மானத்துக்காக. சாதியைப் பற்றி எழுதாமல் இங்கே ஒரு வீட்டின் கதையையும் எழுத முடியாது. சோறு எங்கே வைத்துப் போடப்படுகிறது என்று எழுதினாலே அது வந்துவிடும்.

உங்களுக்கு முன்னோடிகள் யார்?

எங்கள் ஊர் நாகமலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழ்ப் பிராமி எழுத்து, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஆடலுக்கோ பாடலுக்கோ உரிய தாள எழுத்துகள் வரிசை வரிசையாக வெட்டியிருக்கின்றன. எழுத்துகளைச் சேர்த்தவர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்றும் பொறித்திருக்கிறது. வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவர். ஒரு தொழிலும் பார்த்துக்கொண்டு எழுத்தையும் சேர்த்த அவர் பெயரைப் படிக்கிறபோது எனக்கு ஏற்படுகிற நெருக்கத்தைச் சொல்லத் தெரியவில்லை.

நாவலில் என்றால் ஆர். சண்முகசுந்தரம். கீரனூர்க்காரர். அவருடைய 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கணவனை இழந்த ஒரு பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிற கதை. தமிழ்நாட்டில் சட்டம் மகளுக்குச் சொத்தில் சம உரிமை கொடுத்தது 1989இல்தான். இன்றைக்கும் எங்கள் பக்கம் அக்கா தங்கைகள் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பதிவு அலுவலகத்து வாசலிலேயே அண்ணன் வாங்கித் தருகிற காபியைக் குடித்துவிட்டு வருகிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைபடும். அந்தப் புத்தகம் பழசாகவே இல்லை.

மூன்றாவது, உடுக்கையடிப் பாட்டுக்காரர்கள். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய அண்ணன்மார் கதையை ராத்திரி ராத்திரியாகச் சொல்வார்கள். கனடா ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கம் தங்கியிருந்து அதை முழுசாக ஒலிப்பதிவு செய்தார். கதை உச்சத்துக்குப் போகிற நேரத்தில் பின்பாட்டுக்காரர் குறுக்கே ஒரு கேள்வி கேட்பார், கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டுக்காரர் சாவைச் சொல்லிவிடுவார். சிரிப்பை எங்கே வைக்க வேண்டும் என்று நான் கற்றது அங்கே.

திருப்பூரைப் பற்றி ஏன் கோபமாக எழுதுகிறீர்கள்?

திருப்பூர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். கோபம் அந்த ஊர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றுக்கு நடந்ததன் மேல். ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே பாசனத்துக்காக அணை கட்டினார்கள், 1992இல் முடிந்தது. சாயக்கழிவு வந்து தேங்கியதில், எங்களுக்கு அணைத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது வேலை போனவர்களும் எங்கள் ஆட்கள்தான். கிணறு உப்பானவரின் மகன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். ஒரே வீட்டுக்குள் இருந்த இந்தச் சிக்கலை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

எழுத்தில் வருமானம் வருகிறதா?

கணக்காகவே சொல்கிறேன். விலை 300 ரூபாய் உள்ள புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் படிக்கு 30 ரூபாய். 500 படி விற்றால் 15,000. ஒரு நாவல் எழுத எனக்குச் சில வருடம் ஆகும். எழுதி வாழ நினைக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும், இதற்காக வராமல் இருக்கவும் வேண்டாம். நூலகங்களுக்குப் புத்தகம் ஒழுங்காக வாங்கப்பட்டால் நிலைமை மாறும்; அதற்காக எல்லா மேடையிலும் பேசுகிறேன், பேசிக்கொண்டேதான் இருப்பேன்.

வீட்டில் உங்களைப் படிப்பார்களா?

எங்க ஊட்டுக்காரர் புத்தகமான பிறகுதான் படிப்பார். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது, அவருக்கு நான் வாசித்துக் காட்டுவேன். மஞ்சள் கிழங்கைத் தேய்த்துக்கொண்டே கேட்பார். ஒரு நாவலில், புருசனோடு சண்டை போட்ட பெண் உடனே கத்துவதாக எழுதியிருந்தேன். "இந்தப் புள்ள அன்னைக்கே பேச மாட்டா கண்ணு. ரண்டு நா சோறு மட்டும் போடுவா. மூணா நாளுதான் பேசுவா" என்றார். அந்த அத்தியாயம் அந்த ஒரு வார்த்தையில் எழுந்து நின்றது. நூலின் முதல் பக்கத்தில் அவருக்கு நன்றி சொல்லியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிடித்த சாப்பாடு?

அரிசியும் பருப்புஞ் சோறு, ஊத்துக்குளி நெய்யோடு. நோம்பி நாளில் ஒப்பிட்டு, அதாவது இனிப்புப் போளி.

என் நாவலைப் படித்துக் கருத்துச் சொல்வீர்களா?

முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்புங்கள், கோடைக்கு முன்னால் அனுப்புங்கள். நான் முதலில் பார்ப்பது உரையாடலைத்தான். ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினால் அங்கேயே நிறுத்திவிடுவேன், அதற்கான காரணத்தையும் எழுதி அனுப்புவேன். பஸ்ஸில் போகும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ரேஷன் கடை வரிசை, கால்நடை மருத்துவமனைத் திண்ணை, கிடா விருந்துக்குக் கறி நறுக்குகிற இடம், இங்கெல்லாம் போய் உட்காருங்கள். ஊரை விட்டுப் போனவர்கள் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியோடு போனில் பேசுங்கள். அவர்கள் சொல்கிற செய்தியைவிட அதை எந்த வரிசையில் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

விருதுகள்?

வந்தால் சந்தோஷம். சட்டம் போட்டு ஆசாரத்தில் மாட்டுகிற வேலையை மகள் பார்த்துக்கொள்கிறாள்.

அடுத்த நாவல் எதைப் பற்றி?

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற ஒரு பெண்ணைப் பற்றி. கருக்கலில் ஊருக்குள் வருகிற கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஒன்றரை சிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு ராத்திரி இறங்குகிறவள். ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களில் தைக்கிற டெய்லர்களுக்குக் கம்பெனியில் ஒரு மரியாதை இருக்கிறது. கையில் சின்னக் கத்தரியோடு நின்றுகொண்டே நூல் வெட்டுகிறவளுக்கு அது இல்லை. கேலி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை அந்த ஹாலிலும் பார்க்க வேண்டும். வட மாநிலத்திலிருந்து வந்த பெண்களும் எங்கள் ஊர்ப் பெண்களும் பாதிப் பாஷையில் பேசிக்கொண்டு எதற்குச் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அது பிடிபடாமல் எழுத ஆரம்பிக்க மாட்டேன்.

நீங்கள் அந்த வேலை பார்த்தவராக இருந்தால், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திரும்புகிற பஸ்ஸில் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாளைக்கு வாருங்கள். மற்றவர்களுக்குச் சாயங்காலம்தான், உங்களுக்கு எந்த நேரமானாலும் சரி, மத்தியானச் சோறு இங்கேதான்.